வேற துப்பாக்கியோட போல்ட்

— எழுந்திரிக்காதீங்க... எழுந்திரிக்காதன்னு சொன்னேன்ல! அப்படியே தரையில உட்காரு. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கு.

— ஒரு கைதான் தூக்க முடியும் தம்பி. இன்னொண்ணால நெத்தியை அமுக்கிப் பிடிச்சிருக்கேன். விட்டா ரத்தம் கண்ணுல இறங்குது.

— இறங்கட்டும். எங்கண்ணனுக்கு இறங்குனதைவிடவா?

— எதால அடிச்சே? கட்டையாலயா?

— ஆமா ஆமா, துப்பாக்கிக் கட்டையாலதான். குழலால அடிக்கல. குழலுக்கு வேற வேலை இருக்கு.

— கல்யாணமாகி வந்த நாள்லருந்து இன்னிக்குத்தான் என்னை 'நீ'ன்ற.

— அண்ணிக்குத்தான் 'நீங்க'. புருஷனைக் கொன்னவளுக்கு என்னத்துக்கு 'நீங்க'?

— சரி, விளக்கையாவது போடு. ஷட்டரை அடியோட இறக்கிட்டே. நீ எங்க நிக்கிறேன்னே தெரியல.

— மேல கண்ணாடி ஓட்டுல வர்ற வெயில் போதும். எனக்கு உன் மூஞ்சி தெரியுது. எனக்குத் தெரிஞ்சா போதும்.

— தம்பி, ஒண்ணு கேக்கறேன். இப்ப தோட்டாவை உள்ள தள்ளிப் போல்ட்டை இழுத்து மூடினியே, அது உன் துப்பாக்கியோட சத்தம் இல்லயே?

— அடேங்கப்பா. நெத்தி பிளந்தாலும் காது வேலை செய்யுது.

— துப்பாக்கி சரி பண்ற என் பொழப்பே அந்தச் சத்தம்தானே? உன்னோடது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி 'டக்'னு மூடும். இது சொத்தைப் பல்லு மாதிரி ஆடிக்கிட்டே மூடுது. எந்தப் போல்ட் அது?

— சொல்லட்டுமா? எங்கண்ணன் மூஞ்சியைப் பிச்ச அதே போல்ட். போலீஸ் நேத்துதான் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்தாங்க. வெடிச்ச துப்பாக்கி, பாதி கருகின தோள் வாரு, இந்தப் போல்ட். என் துப்பாக்கியோட போல்ட்டை உருவிக் கட்டில் மேல வச்சுட்டு, இதைச் சொருகிக்கிட்டு வந்திருக்கேன். எதால அவன் போனானோ அதாலதான் நீ போகணும். ராத்திரியெல்லாம் படுத்து யோசிச்ச கணக்கு இது.

— அடப்பாவி.

— என்ன, இப்பத்தான் பயம் வருதா?

— பயம் எனக்கில்ல. பாரு தம்பி, சுடறதா இருந்தா சுடு. ஆனா அதால சுடாத.

— என்னது?

— அந்தா, சுவத்தோரம் ரேக்ல ரெண்டாவது. வங்கிக் காவல்காரரோடது. முந்தாநேத்துதான் சரி பண்ணி வச்சேன். தோட்டா கீழ் டப்பாவுல இருக்கு. அதை எடுத்துக்கோ. உன் கையில இருக்கறதை மட்டும் கீழ வை.

— என்னைக் கூமுட்டைன்னு நினைச்சுட்டியா? நான் ரேக் பக்கம் திரும்பணும், நீ சுத்தியலை எடுத்து என் பொடனில போடணும். அதானே?

— சுத்தியல் உன் காலடியில கிடக்கு, குனிஞ்சு பாரு. கேளு, இத முதல்ல கேளு. தோட்டா குழலுக்குள்ள போய் உட்காருது. பின்னாடி போல்ட் வந்து அதை அணைச்சுப் பிடிக்கணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு தலைமுடி இடம் இருக்கலாம், அதுக்கு மேல ஆகாது. ஒவ்வொரு போல்ட்டையும் அதுக்குன்னு உள்ள குழலுக்குப் பாத்துப் பாத்து ராவித்தான் சேப்பாங்க. ஜோடி மாறினா அந்த இடமும் மாறும். அதுலயும் நீ மாட்டியிருக்கறது கழிச்சுப் போட்ட போல்ட். தாங்கிப் பிடிக்கிற காது ரெண்டும் தேஞ்சு கிடக்கு. சுட்டா தோட்டா பின்னாடி நகரும், பித்தளைக் கூடு இழுபட்டுக் கிழியும். கிழிஞ்சா நெருப்பு முன்னாடி போகாது. பின்னாடி வரும். பின்னாடி என்ன இருக்கு? உன் கண்ணு.

— கதை விடாத.

— உங்கண்ணனுக்கு நடந்தது கதையா?

— அவன் பேரை எடுக்காத! எடுத்தே, இப்பவே போட்டுருவேன்! நீ பாத்தியா அதை? நான் பாத்தேன். எனக்குப் பத்தடி தள்ளிதான் குந்தியிருந்தான். பன்னி புதரை விட்டு வெளிய வருது, இவன் சுடறான், 'டம்'முன்னு கேக்கல, 'பொளேர்'னு கேட்டுச்சு. திரும்பிப் பாக்கறேன், மல்லாந்து கிடக்கான். மடியில தூக்கி வச்சுக்கிட்டேன். 'கண்ணு எரியுதுடா, தண்ணி ஊத்துடா'ன்னான். பாட்டிலைத் திறந்துட்டேன் அண்ணி. எங்க ஊத்தறதுன்னு தெரியல. ஊத்தறதுக்குக் கண்ணே இல்ல. பல்லு வெளிய தெரியுது, பக்கவாட்டுல. வண்டி வரைக்கும் தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஓடுனேன். பாதி வழியில கனம் கூடிப்போச்சு. அப்பத் தெரிஞ்சுது.

— தெரியும். அந்தச் சட்டையைத் துவைச்சது நான்தானே.

— ஆமா ஆமா, துவைச்சே. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம துவைச்சே. நானும் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்? அப்பவே எனக்கு உறுத்துச்சு. நேத்து அந்த இன்ஸ்பெக்டர் பேச்சுவாக்குல சொன்னாரு, 'இந்தப் போல்ட் இந்தத் துப்பாக்கியோடதே இல்லப்பா, எங்கயோ கிடந்த பழசு, வீட்டுல மாத்தி மாட்டியிருப்பாங்க, விபத்துன்னு எழுதிட்டோம்'னு. அவருக்கு விபத்து. எனக்கு? பழைய போல்ட் கிடக்கிற இடம் ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். இந்தப் பட்டறை. போல்ட்டைக் கழட்டி மாட்டத் தெரிஞ்ச கை எந்தக் கை?

— கழட்டறதுக்கு என்ன பெரிய வித்தை? நீயே ராத்திரி மாட்டிட்டியே.

— பேச்சை மாத்தாத! கழிச்ச சாமானைப் போடற ஓட்டைப் பெட்டியில கிடந்த போல்ட் எங்கண்ணன் துப்பாக்கிக்குள்ள எப்படி வந்துச்சு? அதை மட்டும் சொல்லு.

— துப்பாக்கியைக் கீழ வை. சொல்றேன்.

— நீ சொல்லு, நான் வைக்கலாமா வேணாமான்னு பாக்கறேன்.

— நீ அதை நீட்டிக்கிட்டு நிக்கிற வரைக்கும் என் வாயில எதுவும் வராது. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?

— உயிர்ப் பயத்துல என்னெல்லாம் பேசுது பாரு! காலையில ஆத்து மணல்ல ரெண்டு ரவுண்டு போட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஒரு மயிரும் ஆகல.

— அன்னிக்கு உங்கண்ணன் சுட்டதுல எத்தனாவது வெடிச்சுது?

— ...மூணாவது.

— அப்புறம்?

— எனக்கு ஒண்ணு போதும் அண்ணி. உனக்கு மட்டும்தானே? அது நல்லதா அமையும். நான் பாத்துக்கறேன்.

— தம்பி, வேணாம்.

— முதல்ல உன் வாயைத் திறக்க வைக்கிறேன். அந்த மண்ணெண்ணெய் டின்னை விட்டுத் தள்ளி உட்காரு. டின்னைத்தான் சுடப் போறேன். அடுத்தது முழங்கால். அப்பவும் சொல்லலைன்னா...

— வேணாம்டா! மூஞ்சியையாவது திருப்பிக்கோ! கன்னத்தைக் கட்டையில வைக்காத, கையை நீட்டிப் பிடி...

— சொல்றியா, மாட்டியா?

— மூஞ்சியைத் திருப்புடா!

— ஆஆ! ஐயோ... அம்மா... என்ன இது, என்ன இது...

— தேய்க்காத! கண்ணைத் தேய்க்காதடா! கையை எடு. கண்ணு தெரியுதா?

— கிட்ட வராத! அங்கயே நில்லு! தெரியுது. கன்னம்... கன்னம் பூரா ஊசி இறக்குன மாதிரி...

— வெயிலுக்கு நேரா காட்டு. நல்லவேளை, திருப்பிட்டே. கரும்புள்ளியா தெறிச்சிருக்கு, தோல் பொசுங்கியிருக்கு. அவ்வளவுதான். இது சின்னது. சாவு வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கு.

— தங்கச்சி! ஏம்மா தங்கச்சி! என்ன சத்தம் அது? ஷட்டரை வேற சாத்தி வச்சிருக்கே?

— பக்கத்துக் கடை லேத்துக்காரர். வாயைத் திறக்காத, நான் பேசறேன். ஒண்ணுமில்லண்ணே! துப்பாக்கி சரி பண்ணிச் சுட்டுப் பாத்தேன், மணல் பெட்டிக்குள்ள!

— ஞாயித்துக்கிழமை மத்தியானம்கூடவா? செத்த நேரம் கண்ணசரலாம்னா, லேத்துதான் பெல்ட் அறுத்துக்கிச்சுன்னு பதறி எழுந்து ஓடியாறேன். என்ன நான் சொல்றது, 'அண்ணே சுடப் போறேன்'னு ஒரு குரல் குடுத்துட்டுச் சுட்டா குறைஞ்சா போயிருவே?

— தப்புதாண்ணே. இனிமே சொல்லிட்டுச் சுடறேன்.

— கொழுந்தன் வண்டி நிக்குதே. உள்ளதான் இருக்கானா?

— இருக்கான். கூடமாட ஒத்தாசைக்கு வந்திருக்கான்.

— தங்கமான பையன். டேய் தம்பி, கேக்குதா? அண்ணன் போனப்புறம் அவளுக்கு யாரு இருக்கா? கூடப் பொறந்த பொறப்பா நீதான் பாத்துக்கணும், என்ன நான் சொல்றது?

— ...சரிண்ணே.

— குரல் ஏன்டா கம்முது? சளி பிடிச்சிருச்சா? வெந்நீர் வச்சுக் குடி. மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குதே தங்கச்சி, எதுவும் கொட்டிருச்சா?

— டின்னு சரிஞ்சிருச்சுண்ணே. துடைச்சுக்கறேன்.

— பீடி கீடி பத்த வைக்கச் சொல்லிறாத அவனை. நான் போய்ப் படுக்கறேன். இன்னொரு தடவை எழுப்பினே, லேத்தை ஓட்டி ராத்திரி உன் தூக்கத்தைக் கெடுத்துருவேன், ஆமா.

— போயிட்டாரு. உட்காரு தம்பி.

— ஏன் கத்தல? ஒரு வார்த்தை கத்தியிருந்தா அவரு ஷட்டரைத் தூக்கியிருப்பாரே.

— தூக்கியிருப்பாரு. நீ பதறி அடுத்ததை ஏத்தி அவர் நெஞ்சுக்குச் சுட்டிருப்பே. அவரும் போயிருப்பாரு, நீயும் போயிருப்பே. ரெண்டு பொணத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இப்ப போல்ட்டை மெதுவா இழு. மெதுவா. கூடு வெளிய வருதா?

— வந்துருச்சு.

— அதோட அடிப்பக்கத்தைப் பாரு. சுத்தி ஒரு பளபளப்புக் கோடு தெரியுதா, கழுத்துல கயிறு இறுக்கின மாதிரி?

— ...பாதிக் கோடு பிளந்திருக்கு. நகம் உள்ள போகுது.

— மீதிப் பாதியும் பிளந்திருந்தா இன்னேரம் நான் உன்னை மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். காலையில சுட்ட கூடு வச்சிருக்கியா?

— சட்டைப் பையில இருக்கு.

— மேசையில வளைச்ச கம்பி ஒண்ணு கிடக்கு, எடு. கூட்டுக்குள்ள விட்டு, அடியிலருந்து மேல இழு. எங்கயாவது தட்டுதா?

— தட்டுது. உள்பக்கம் பள்ளம் மாதிரி.

— வெளிய நல்லா இருக்கு, உள்ள அறுந்துக்கிட்டு இருக்கு. இனிமே நான் கதை விடறேன்னு சொல்லுவியா?

— அப்போ நீ சொன்னதெல்லாம் நிஜம். இவ்வளவு தெரிஞ்ச நீதான் எங்கண்ணனுக்கு இதை மாட்டிவிட்டே. தெரிஞ்சே மாட்டிவிட்டே. வேற யாருக்கு இது தெரியும்? சொல்லுடி!

— கழுத்துல குழலை வச்சு அழுத்தாத. மூச்சு விட்டாத்தானே சொல்ல முடியும்?

— சொல்லு.

— நான் மாட்டல.

— பொய்!

— கிழக்குச் சரிவுல நீங்க ரெண்டு பேரும் கல்லைப் போட்டு மூடிட்டு வந்தீங்களே, அது பன்னி இல்லன்னு எனக்குத் தெரியும். சுள்ளி பொறுக்க வந்த ஆளு. உங்கண்ணன் புதர் அசைஞ்சுதுன்னு சுட்டான். வயித்துல பட்டுது. அவன் சாகற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்க.

— யாரு சொன்னா? அண்ணனா?

— நீதான். தூக்கத்துல எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா உளறினே. கூடத்துல படுத்துக்கிட்டு 'தண்ணி கேக்கறான்ணே, தண்ணி கேக்கறான்'னு எத்தனை ராத்திரி கத்தியிருக்கே தெரியுமா? நான் உங்கண்ணன்கிட்ட ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், யாருக்குத் தண்ணின்னு. இந்தா, இந்த வைஸ் இடுக்கியில என் இடது கையை வச்சுத் திருகினான். எலும்பு முறியற சத்தம் எனக்கே கேட்டுச்சு. இன்னும் ஒரு சுத்து, இன்னும் ஒரு சுத்துன்னு நிதானமா திருகினான், பழுது பாக்கற மாதிரி.

— கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொன்னீங்களே...

— வேற என்ன சொல்றது உன்கிட்ட? உனக்கு அவன் சாமி.

— அவன் எனக்கு அப்பா மாதிரி. எங்கப்பா போனப்ப நான் இடுப்புயரம்கூட இல்ல. அவன்தான் எனக்குச் சோறு போட்டான், செருப்பு வாங்கிக் குடுத்தான்...

— வளத்தான். நான் இல்லேங்கல. நீ அவன்கிட்ட என்ன சொன்னே? போலீஸ்ல போய் எல்லாத்தையும் சொல்லப் போறேன்னு சொன்னியா இல்லியா?

— சொன்னேன். என்னால முடியல அண்ணி. சோறு இறங்கல. அவனும் சரின்னுட்டான். 'இந்த ஒரு வேட்டைக்கு மட்டும் வாடா, போயிட்டு வந்து ரெண்டு பேருமா சேந்து போய்ச் சொல்லிரலாம்'னான். என் தலையைத் தடவினான். தடவினான் அண்ணி.

— அதுக்கு முந்தின வாரம் இங்க வந்தான். கையில டீ வாங்கிக்கிட்டு வந்தான். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிட்டு, நான் வேலை செய்யறதை வேடிக்கை பாத்தான். கையை உடைச்சதுக்கு வருத்தப்படறான் போலன்னு நினைச்சேன். ஓட்டைப் பெட்டியைக் கிளறிக்கிட்டே கேட்டான், இதெல்லாம் ஏன் ஒதுக்கி வச்சிருக்கேன்னு.

— எதை மாட்டினா வெடிக்கும்னு கேட்டானா?

— அப்படி யாராவது கேப்பாங்களா? எதை மாட்டக் கூடாதுன்னு கேட்டான். நானும் தொழில் பேச்சுதானேன்னு ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டினேன். இது குழலைவிட நீளம் கம்மி, இதுல காது தேஞ்சிருக்கு, இதை வச்சுச் சுட்டா சுடறவன் மூஞ்சி போயிரும்னு. தேஞ்சதை எடுத்துக் கையில வச்சுப் பாத்தான். அப்பறம் டீ டம்ளரைக் கழுவி வச்சுட்டுப் போனான்.

— அவனே அவனுக்கு மாட்டிக்கிட்டான்ங்கறியா? குத்தம் தாங்காம?

— நீ இன்னும் அவனை நல்லவனாக்கத்தான் பாக்கறே.

— வேற என்ன?

— அந்தப் போல்ட்டை அவன் மாட்டினது அவன் துப்பாக்கில இல்ல. உன்னோடதுல.

— பொய். பொய். அவன் துப்பாக்கிதான் வெடிச்சுது. நான் பக்கத்துல இருந்தேன். கறுப்பு வாரு. நான் கண்ணால பாத்தேன்!

— வாரைப் பாத்தே.

— என்ன சொல்றே?

— அன்னிலருந்து நீ எத்தனை தடவை உன் துப்பாக்கியை எடுத்திருப்பே? குறி இடப்பக்கமா இழுக்குதா இல்லியா?

— இழுக்குது. காலையில ஆத்துலயும் கல்லுக்கு இடப்பக்கமாதான் போச்சு. கை நடுங்குது, அதனாலன்னு நினைச்சேன். இப்பக்கூட டின்னோட நடுவுல பிடிச்சேன், ஓரத்துலதான் பட்டுது.

— கை நடுக்கம் இல்ல. உங்கண்ணன் தலையைச் சாய்ச்சு ஒரு தினுசாப் பாப்பான்ல? அவன் பாக்கற வாக்குக்கு நான்தான் குழல் நுனியில இருக்கற குறிமுள்ளைத் தட்டி நகத்தி வச்சேன். உன் கையில இருக்கறது அவன் துப்பாக்கி தம்பி. உன்னுது வெடிச்சுது.

— போலீஸ்... போலீஸ் நம்பரைப் பாக்கலியா?

— ரெண்டும் ஒரே வீட்டுத் துப்பாக்கி, ஒரே மாதிரி துப்பாக்கி. விபத்துன்னு வாயில வந்தப்புறம் நம்பரை எவன் உக்காந்து பாக்கறான்? நீ பாத்தியா? ஒரே அச்சுல வாத்த மாதிரி ரெண்டு. உனக்கு எப்பவும் வாருதானே அடையாளம்?

— காக்கி வாரு என்னுது. கறுப்பு வாரு அவனுது. இருட்டுல எழுந்தாலும் வாரைத் தடவித்தான் எடுப்பேன்.

— அவனும் அப்படித்தான் எடுப்பான்.

— அண்ணி...

— வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் ரெண்டையும் துடைச்சு வைக்கச் சொல்லிட்டு வெளிய போனான். துடைச்சேன். துடைச்சா அளவுக்கட்டையைப் போட்டுப் பாக்காம என்னால இருக்க முடியாது, பழகின கை. அந்தக் கட்டையை உள்ள போட்டா போல்ட் மூடக் கூடாது. அவனோடதுல மூடல. உன்னோடதுல சோத்துல கை விட்ட மாதிரி வழுக்கிக்கிட்டு மூடுச்சு. வெளிய உருவிப் பாத்தேன். அவன் ஸ்டூல்ல உக்காந்து கையில வச்சுப் பாத்தானே, அதே போல்ட். வீட்டுக்குள்ள நீ ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டு இருந்தே. ரொம்ப நாளைக்கு அப்புறம் பாடினே.

— மறுநாள் எல்லாத்தையும் சொல்லிரப் போறோம்னு... மனசு லேசா இருந்துச்சு.

— வாரு ரெண்டையும் அவுத்தேன். மாத்திக் கட்டினேன். விடியறதுக்கு முன்ன அவன்தான் முதல்ல எழுந்தான். காக்கி வாரை எடுத்து உன் கையில குடுத்தான். கறுப்பைத் தன் தோள்ல மாட்டிக்கிட்டான். நான் அடுப்புக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். உன் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டான், ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— முதல்ல மேகஸின்ல இருக்கிற தோட்டாவை எல்லாம் வெளிய எடு தம்பி. அழுதுக்கிட்டே துப்பாக்கியைப் பிடிக்கக் கூடாது.

— எடுத்துட்டேன். இந்தாங்க. இந்தாங்க, போல்ட்டையும் உருவிட்டேன். தூக்கிப் போடுங்க இதை. உருக்கிப் போடுங்க. நான் உங்களை... கட்டையால... ஐயோ அண்ணி, ரத்தம் இன்னும் நிக்கலியே. துணி எங்க? சுத்தமான துணி எதுவும் இல்லியா இங்க?

— அந்த அலமாரியில மேல் தட்டுல. எண்ணெய்த் துணியை எடுக்காத, வெள்ளையை எடு.

— காட்டுங்க. அழுத்திப் பிடிக்கிறேன். வலிக்குதா?

— வலிக்காம? பசு மாட்டை அடிக்கிற மாதிரி அடிச்சுட்டு வலிக்குதான்னு கேளு.

— எனக்காக இவ்வளவு நாள் மனசுல பூட்டி வச்சுக்கிட்டு... நான் பாட்டுக்கு அவன் படத்துக்கு முன்னாடி உக்காந்து அழுவேன். நீங்க சோத்தைக் கொண்டாந்து வைப்பீங்க. ஒரு வார்த்தை சொல்லலியே அண்ணி. நான் சுட்டிருந்தா? சொல்லாமயே செத்திருப்பீங்களா?

— தெரியல. சொன்னா நீ தாங்குவியான்னு பயமா இருந்துச்சு.

— என் உயிரைக் காப்பாத்தினீங்க. உங்களைப் போய்...

— போதும், விடு. துணியை இறுக்கிக் கட்டு.

— அண்ணி.

— ம்.

— என் சொந்தப் போல்ட்டை அவன் என்ன பண்ணான்? என் துப்பாக்கியோட பழைய போல்ட். தூக்கி எறிஞ்சுட்டானா?

— இல்ல. இங்கதான் இருந்துச்சு. மேசை டிராயர்ல, சாமானுக்கு அடியில சொருகி வச்சிருந்தான். அன்னிக்குச் சாயங்காலமே இங்க ஓடிவந்து தேடிக் கண்டுபிடிச்சுட்டேன்.

— சாயங்காலமேவா?

— ஆமா.

— அதை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

— கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மாட்டிரலாம்.

— அப்போ... வாரை அவுத்து, மாத்திக் கட்டி... அதெல்லாம் எதுக்கு அண்ணி? நல்ல போல்ட்டையே திரும்ப மாட்டியிருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காதே?

— மாட்டத்தான் கையில எடுத்தேன் தம்பி. ரொம்ப நேரம் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அப்பறம் டிராயர்லயே போட்டு மூடிட்டேன்.